தேறிய கூடுகள் ஏன் விழுந்தன

குளத்தின் மேல் சாய்ந்து நின்ற கருவேலமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. எதிர்க்கரையில் ஓர் ஈச்சமரம். அதிலும் தூக்கணாங்குருவிகள்தான். இரண்டு மரத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் தினமும் காலையில் இந்த மரம் அந்த மரத்துக் கூடுகளை எண்ணும். அந்த மரம் இந்த மரத்துக் கூடுகளை எண்ணும். எண்ணவே இல்லை என்று இரண்டும் சாதிக்கும்.

கருவேலமரத்தின் தலைவர் பொன்முடியார். தலை மஞ்சளாகப் பளபளக்கும். கிளையில் இரண்டு தத்து தத்தினால்கூட, பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

அந்த மரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்குருவி நாணல் இலையைக் கிழித்துப் பச்சை நார் எடுக்கும். அதைக் கிளையில் முடிந்து, தொப்பி மாதிரி பாதிக் கூடு கட்டும். அதோடு நிறுத்திவிடும். மூன்று நாள் கூடு வெயிலில் கிடக்கும். நான்காம் நாள் மூன்று பெண்குருவிகள் வந்து ஒன்றாகத் தொங்கி உலுக்கிப் பார்க்கும். தாங்கினால், புது நாரால் மேலே இன்னொரு கட்டுப் போடுவார்கள். அப்புறம்தான் தலைவர் கிளை நுனியில் நின்று "தேறியது" என்று கத்துவார். அப்புறம்தான் மீதிக் கூடு, அப்புறம்தான் முட்டை.

அந்த வருஷம் மழைமேகம் சீக்கிரமே தலைகாட்டியது. ஈச்சமரத்தில் பதினெட்டுக் கூடு ஆகிவிட்டது. கருவேலமரத்தில் பதினொன்று.

பொன்முடியார் எல்லோரையும் கூட்டினார்.

"மூணு வெயில் காயணும்னு சொல்றீங்களே, எதுக்கு?"

குருவிகள் ஒன்றையொன்று பார்த்தன.

"எப்பவும் அப்படித்தான் செய்யுறது அண்ணாச்சி," என்றது ஒன்று.

"அது பதில் இல்ல. எதுக்குன்னு கேட்டேன்."

யாருக்கும் தெரியவில்லை. பெண்குருவிகளில் தவிட்டாள் என்று ஒருத்தி. உலுக்கிப் பார்ப்பதில் அவளுக்குத்தான் பெயர். அவளுக்கும் தெரியவில்லை.

"காரணமே இல்லாத வேலைக்கு மூணு நாள் வீண்," என்றார் பொன்முடியார். "இனிமே கட்டுற அன்னைக்கே உலுக்கிப் பாருங்க. தாங்கினா தேறியது. ரெண்டாம் கட்டும் வேண்டாம்."

அன்றைக்கே உலுக்கினார்கள். எல்லாக் கூடும் தாங்கியது. பழைய காய்ந்த கூடுகளைவிட நன்றாகவே தாங்கியது. "தேறியது! தேறியது! தேறியது!" என்று பொன்முடியாருக்குத் தொண்டை கட்டிப்போனது. பழைய பதினொன்றில் இரண்டாம் கட்டுப் போட்டவை நாலுதான். மற்றதெல்லாம் அப்படியே தேறிவிட்டது. எட்டே நாளில் மரத்தில் இருபத்துநாலு கூடு தொங்கின. ஈச்சமரத்துக்காரர்கள் நாணல் கிழிப்பதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தவிட்டாளின் புருஷன் இழையான் மரத்தின் நிழல் பக்கம் கட்டிய கூடுதான் முதலில் முழுசாக முடிந்தது. அதில் தவிட்டாள் மூன்று முட்டை இட்டாள். மரத்திலேயே முதல் முட்டைகள் அவைதாம்.

மறுநாள் காலையில் வெயில் பக்கம் ஒரு கூடு குளத்தில் மிதந்தது.

"காத்து," என்றது ஒரு குருவி.

"காத்தே அடிக்கலியே," என்றது இன்னொன்று.

மத்தியானம் இன்னொரு கூடு விழுந்தது. சாயங்காலத்துக்குள் மூன்றாவது.

பொன்முடியார் கிளையில் இங்கும் அங்கும் தத்தினார். திரும்பிப் பார்த்தார். மறுபடி தத்தினார்.

"விழுந்த மூணும் தேறிய கூடு. நானே என் வாயால சொன்னேன். தேறிய கூடு தானா விழாது. அப்போ யாரோ அறுத்து விட்டிருக்கான்."

இது எல்லோருக்கும் பளிச்சென்று புரிந்தது. யாரோ அறுத்து விட்டிருக்கிறான் என்பது எப்போதுமே பளிச்சென்று புரிகிற விஷயம்.

முதலில் அணில் வரிச்சியைப் பிடித்தார்கள். அவள் வாயில் காய்ந்த நார் இருந்தது.

"ஐயோ ஐயோ ஐயோ, கீழ கிடந்துச்சு, எடுத்தேன், என் பொந்துக்கு மெத்தை, கீழதான் கிடந்துச்சு, நான் மேலயே வரல, வந்தேன், ஆனா அந்தக் கிளைக்கு வரல, அது வேற கிளை, எது அந்தக் கிளை?" என்று அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, வாலால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"பதறுறா பாத்தீங்களா," என்றார் பொன்முடியார்.

"அவ எப்பவும் அப்படித்தானே அண்ணாச்சி பேசுவா," என்றாள் தவிட்டாள்.

"எப்பவும் பதறுறவ எப்பவும் ஏதோ செஞ்சிருக்கா."

அடுத்தது காக்கை. பெயர் அட்டைக்கரி. தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"இங்க பாருங்க. நான் வந்தேன். மறைக்கல. முட்டை இருக்கான்னு பாக்க வந்தேன். கையில கிடைச்சா தின்னுருப்பேன், அதையும் மறைக்கல. ஆனா உக்காந்து முடிச்சு அவுக்குற வேலையெல்லாம் என்னால ஆகாது. அவ்வளவு பொறுமை இருந்தா நானும் ஒழுங்கா ஒரு கூடு கட்டியிருக்க மாட்டேனா?"

"உண்மையைச் சொல்ற மாதிரி பேசுறான். அதுதான் சந்தேகமா இருக்கு," என்று பொன்முடியார் இறக்கைக்குள் முணுமுணுத்தார்.

மூன்றாவதாக ஓணான். அடிமரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"கூட்டை அறுத்தது நீதானே?"

ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டியது.

கூட்டம் மூச்சை இழுத்துப் பிடித்தது.

"எத்தனை கூடு? மூணா?"

ஆட்டியது.

"நாலா?"

ஆட்டியது.

"நீ அறுக்கவே இல்லைன்னு சொல்லப் போறியா?" என்று இழையான் கேட்டான்.

அதற்கும் ஆட்டியது. பொன்முடியார் இழையானை முறைத்தார். "நல்லா ஒத்துக்கிட்டு வந்தான். நீ ஏன் கெடுத்தே?"

கடைசியில் மூவரையும் மரத்தை விட்டு விரட்டினார்கள். காக்கை பறந்து போனான். அணில் அழுதுகொண்டே போனாள். ஓணானைச் சுற்றி நாலு குருவிகள் கத்தின. அது தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனது.

மறுநாள் இரண்டு கூடு விழுந்தது.

"அப்போ உள்ளேயே இருக்கான்," என்றார் பொன்முடியார்.

அந்த ஒரு சொல்லோடு மரம் மாறிப்போனது. நாணல் கிழிக்கப் போகிற குருவி, போகும்முன் பக்கத்துக் குருவியைப் பார்த்தது. பக்கத்துக் குருவி, ஏன் பார்க்கிறது என்று பார்த்தது. ஒருவர் தூங்கினால் மற்றவர் தூங்கவில்லை. மாமனும் மச்சானும் ஒரே கிளையில் முதுகைக் காட்டி உட்காரவில்லை.

பொன்முடியார் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"விழுந்தது அஞ்சும் வெயில் பக்கம். நிழல் பக்கம் ஒண்ணுகூட விழல. ஏன்?"

எல்லோரும் மெதுவாக இழையானைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னை எதுக்குப் பாக்குறீங்க?" என்றான் இழையான்.

"நாங்க சும்மா பாக்குறோம்," என்றார்கள்.

அன்றிலிருந்து காவல். கூட்டுக்கு இரண்டு குருவி, கூட்டின் மேலேயே உட்கார வேண்டும், கண் இமைக்கக் கூடாது. முதல் காவலுக்கு முறுக்கன் என்ற குருவியும் அவன் மச்சானும் போனார்கள். உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. கூடு, முறுக்கன், மச்சான் மூன்றும் ஒன்றாகக் கீழே போயின. குருவிகள் இரண்டும் பாதி வழியில் இறக்கை விரித்துத் தப்பின.

"யாரு வந்தா?" என்று பொன்முடியார் பறந்து வந்தார்.

"யாரும் வரல அண்ணாச்சி. உக்காந்திருந்தோம். அதுவா போச்சு."

"யாரும் வரல. நீங்க ரெண்டு பேரும் இருந்தீங்க. அப்போ?"

முறுக்கனுக்கு இது எங்கே போகிறது என்று புரிய நேரமாயிற்று. புரிந்ததும் மச்சானைப் பார்த்தான். மச்சான் ஏற்கெனவே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவன்தான் கொஞ்சம் அசைஞ்சான்," என்றான் மச்சான்.

ஆகவே காவலைக் காவல் காக்க மூன்றாவது குருவி. மூன்று பேர் உட்கார்ந்த கூடு இரண்டு பேர் உட்கார்ந்ததைவிடச் சீக்கிரம் விழுந்தது. பொன்முடியாருக்கு இதில் பெரிய சதி தெரிந்தது. கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்றார்.

கூடு கட்டுவது நின்றுபோனது. எல்லோரும் காவல். கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

தவிட்டாள் முட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். கூடு லேசாக ஆடியது. ஆட்டத்தில் ஏதோ ஒரு வித்தியாசம். நேற்று இப்படி ஆடவில்லை. அவள் அசையாமல் இருந்து பார்த்தாள். மேலே, கிளையில், நார் வழுக்குகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். வயிற்றுக்கடியில் முட்டைகள் கதகதப்பாக இருந்தன. கூட்டுக்கடியில் குளம் இருந்தது.

அவள் மெல்ல வெளியே வந்து, கரைக்குப் போனாள். விழுந்த கூடு ஒன்று நாணலில் சிக்கிக் கிடந்தது. இத்தனை நாளில் அதை யாருமே போய்ப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் திரும்பி வந்தபோது அவள் கூட்டின் முன்னே பொன்முடியார் நின்றிருந்தார். கூடவே நாலு காவல் குருவிகள்.

"தங்கச்சி, மரத்துல முட்டை இருக்குற கூடு இது ஒண்ணுதான். அடுத்தது இதைத்தான் அறுப்பான். அதனால நாலு பேர் உக்காருவாங்க."

"யாரும் உக்காரக் கூடாது."

"ஏன்?"

"உக்காந்தா விழுந்துரும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

கேள்வி சாதாரணக் கேள்விதான். கேட்ட விதம் சாதாரணமாக இல்லை. நாலு காவலும் தவிட்டாளைக் கொஞ்சம் நெருங்கி நின்றன.

தவிட்டாள் கரையிலிருந்து காலில் பற்றிக் கொண்டுவந்ததைக் கிளையில் வைத்தாள். வளையம் மாதிரி ஒரு காய்ந்த நார்.

"விழுந்த கூட்டோட முடிச்சு. பாருங்க. அறுத்திருந்தா நுனி பிய்ஞ்சிருக்கும். நுனி முழுசா இருக்கு. முடிச்சு முடிச்சாவே இருக்கு. ஆனா இப்ப என் தலையே இதுக்குள்ள போகும். கட்டுறப்போ கிளைக்கும் இதுக்கும் நடுவுல என் அலகுகூடப் போகாது."

"அதனால?"

"பச்சை நார் தண்ணி குடிச்சுத் தடியா இருக்கும். கட்டுன அன்னைக்கு யார் வேணும்னாலும் தொங்கலாம், தாங்கும். காஞ்சா ஒல்லியாயிரும். முடிச்சு தளர்ந்து கிளை நுனி வழியா வழுக்கும். அதுக்குத்தான் மூணு வெயில். அதுக்குத்தான் ரெண்டாம் கட்டு. நீங்க எதுக்குன்னு கேட்டீங்க, அன்னைக்கு எனக்குப் பதில் தெரியல. இப்ப தெரியுது. வெயில் பக்கம் சீக்கிரம் காஞ்சுச்சு, முதல்ல விழுந்துச்சு. நிழல் பக்கம் இப்பத்தான் காயுது."

முறுக்கன் மெதுவாகத் தன் மச்சானைப் பார்த்தான். இந்தத் தடவை வேறு மாதிரி பார்த்தான்.

பொன்முடியார் நார் வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இதை நீயே முடிஞ்சு கொண்டுவந்திருக்கலாம்," என்றார்.

இழையான் இறக்கையைச் சிலிர்த்துக்கொண்டு முன்னே வந்தான். தவிட்டாள் அவனைத் தடுத்தாள். அவளுக்குச் சண்டைக்கு நேரமில்லை. குளத்தின் மறுகரையில் ஈச்ச ஓலைகள் அசையத் தொடங்கியிருந்தன.

"சரி, என்னை நம்ப வேண்டாம். நீங்க உங்க அலகால கட்டுன கூடு இருக்குல்ல, கிழக்குக் கிளையில. அது அரை நாள்தான் வெயில் வாங்கும். இன்னும் விழாம நிக்குது. அதுல போய்த் தொங்குங்க. நீங்க நம்புற ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

பொன்முடியார் கூட்டத்தைப் பார்த்தார். முறுக்கனைப் பார்த்தார், வேண்டாம். அவன் மச்சான், வேண்டவே வேண்டாம். நாலு காவல், அவர்களை நம்பியிருந்தால் எதற்கு நாலு? வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். மரத்தின் கடைசிக் குருவி வரைக்கும் போனது பார்வை. கூப்பிட ஒருவர் இல்லை.

தனியாகவே போனார்.

கிழக்குக் கிளையில் அவர் கூடு அழகாகத் தொங்கியது. எந்த நாரும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. அவர் அதன் வாசலைப் பற்றித் தொங்கினார். தாங்கியது. "பாத்தியா," என்றார். ஒருமுறை உலுக்கினார். தாங்கியது. "பாத்தியா!" என்றார். இன்னொருமுறை உலுக்கினார்.

கூடும் அவரும் குளத்தில் விழுந்தார்கள்.

அல்லி இலை ஒன்றின் மேல் ஏறி நின்றார். மஞ்சள் தலை தண்ணீரில் ஒட்டிக்கொண்டு, பாதி அளவு ஆகியிருந்தது.

"யாருடா தள்ளுனது?" என்று கத்தினார்.

மேலே பார்த்தார். கிழக்குக் கிளையில் ஒரு குருவிகூட இல்லை. எல்லோரும் தூரத்தில், தவிட்டாளின் கூட்டைச் சுற்றியே இருந்தார்கள். பின்னால் திரும்பிப் பார்த்தார். தண்ணீர்தான் இருந்தது. தண்ணீரில் அவர் முகம் இருந்தது.

நாலைந்து மழைத்துளி இலை மேல் விழுந்தது.

பிறகு அவர் பேசியபோது குரல் பழைய குரலாக இல்லை. "தேறியதுன்னு சொன்னது நான்தான். தப்பாச் சொல்லிட்டேன். காவல் எல்லாரும் கலைஞ்சு போங்க. நாணல் கிழிங்க. முதல்ல தவிட்டாள் கூடு."

குருவிகள் சிதறிப் பறந்தன. பச்சை நார்கள் வந்து குவிந்தன. ஆனால் கூட்டின் மேல் யாரும் கால் வைக்க முடியாது. கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே கட்ட வேண்டும்.

"நான் கட்டுறேன்," என்று பொன்முடியார் நனைந்தபடி வந்து நின்றார்.

"நீங்க இப்ப ரெண்டு குருவி கனம் அண்ணாச்சி. கிளையே ஆடும். நார் எடுத்துக் குடுங்க, போதும்," என்றாள் தவிட்டாள்.

தலைவர் நார் எடுத்துக் கொடுத்தார்.

இழையான் ஒரு பக்கம், தவிட்டாள் ஒரு பக்கம். முதல் சுற்று போயிற்று. இரண்டாம் சுற்றுக்கு நாரை நுழைக்கும்போது காற்று வந்தது. கிளை மேலே போய்க் கீழே வந்தது. பழைய முடிச்சு வழுக்கியது. கூடு ஒரு விரற்கடை இறங்கியது. உள்ளே முட்டைகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் தவிட்டாளுக்குக் கேட்டது.

அவள் நாரை அலகால் கவ்வி, கிளையைக் காலால் பற்றி, இழுத்துப் பிடித்தாள். முழுக் கனமும் அந்த ஒரு நாரில் இருந்தது. "சுத்து," என்று சொல்ல முடியவில்லை, வாய் திறந்தால் விட்டுவிடும். கண்ணால் சொன்னாள். இழையான் சுற்றினான். மறுபடி சுற்றினான். முடிந்தான்.

பழைய முடிச்சு முழுசாக அவிழ்ந்து, காற்றில் பறந்து போனது. கூடு புதுக் கட்டில் தொங்கி ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது. விழவில்லை.

தவிட்டாள் உள்ளே போய்ப் பார்த்தாள். மூன்றும் முழுசாக இருந்தன. ஒன்றில் மட்டும் ஒரு கீறல், அதுவும் மேலோட்டமாக.

மழை நன்றாகப் பிடித்துக்கொள்வதற்குள் இன்னும் நாலு கூட்டை இறுக்கிக் கட்டினார்கள். முன்பே இரண்டாம் கட்டுப் போட்டவை நாலு. ஆக மொத்தம் ஒன்பது. மீதிக் கூடுகளில் யாரும் அவசரப்பட்டு முட்டை இட்டுவிடக் கூடாது என்று, பொன்முடியாரே போய் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் குளத்தில் விட்டார். ஒவ்வொன்றும் அவர் வாயால் தேறிய கூடு. வேறு யாரையும் அந்த வேலைக்கு அனுப்பவில்லை.

எதிர்க்கரையிலிருந்து ஈச்சமரத்துக்காரன் ஒருவன் கத்தினான். "என்ன அண்ணாச்சி, மரம் மொட்டையாயிருச்சு? எங்க மரத்துல இருபது இருக்கு, எண்ணிப் பாருங்க!"

"நாங்க இப்ப எண்ணுறதில்ல," என்றார் பொன்முடியார். உண்மையாகவே எண்ணவில்லை.

மழை விட்ட அன்று அவர் அணிலின் பொந்துக்குப் போனார். வரிச்சி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். அவர் வெளியில் நின்றே, தப்பு தன் மேல் என்று சொன்னார். உள்ளேயிருந்து பதில் வந்தது: "சரி சரி சரி, வரேன், ஆனா நான் மேல ஏறும்போது பின்னாடி யாரும் வரக்கூடாது, சும்மா பாக்குறோம்னு சொல்லி யாரும் பாக்கவும் கூடாது."

"பாக்க மாட்டோம்," என்றார்.

பன்னிரண்டாம் நாள் தவிட்டாளின் கூட்டிலிருந்து மூன்று சின்னக் குரல்கள் கேட்டன. அடுத்த பருவத்தில் மரத்தில் மூன்று வெயிலும் மூன்று பேர் உலுக்கலும் திரும்பி வந்தன. புதிதாகக் கட்டுகிற ஒவ்வொரு குருவிக்கும், எதற்காக மூன்று வெயில் என்று பொன்முடியாரே நின்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு வேலை கெட்டுப்போனால், கெடுத்தவன் யார் என்று ஊரைச் சந்தேகிக்கும் முன், அது சரியாக இருக்கிறது என்று தான் கொடுத்த சொல்லைச் சந்தேகித்துப் பார்ப்பவரே தலைவர்.